காதின் சிரிப்பு

எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், யாராவது ஒருவர் அந்த "அட"வைச் சொல்லிவிடுகிறார். "அட, இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு குறும்பா!" மேடையில் அவர் ஓர் இசையமைப்பாளர் மெட்டுச் சொல்லித்தரும் விதத்தை நடித்துக்காட்டும் காட்சி கைப்பேசியில் ஓடும், நாலைந்து தலைகள் அதன்மேல் குனியும், சிரிப்பு அடங்குவதற்குள் இந்த வியப்பும் வந்துவிடும். சிரிப்பில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. வியப்புதான் உறுத்துகிறது. 1966இல் தெலுங்குத் திரையிலும் 1969இல் தமிழ்த் திரையிலும் ஒலிக்கத் தொடங்கிய குரல் அது. மூன்று தலைமுறைக்காரர்கள் அந்தக் குரலை வைத்துக் காதலித்திருக்கிறார்கள், பேருந்தின் ஜன்னலோரத்தில் கண்ணீரை மறைத்திருக்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் அது பாடிக்கொண்டிருக்கப் பந்தி பரிமாறியிருக்கிறார்கள். இத்தனை காலப் பழக்கத்துக்குப் பிறகும் அவர் சிரிக்க வைக்கக்கூடியவர் என்பது நமக்குப் புதுச் செய்தியாக இருக்கிறதென்றால், இத்தனை நாள் நாம் கேட்டது எதை? நம் துக்கத்தை நமக்காகப் பாடித் தந்தவர் துக்கத்தின் ஆளாகவே இருந்திருக்க வேண்டும் என்று எப்போது முடிவு செய்தோம்? நண்பர்கள் அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி நகர மறுக்கிறது.

பின்னணிப் பாடல் என்ற ஏற்பாட்டிலேயே இதற்கான விதை இருக்கிறது என்று சில நேரம் தோன்றும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் நின்று பாடுகிறார். அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போய் வேறொருவரின் வாயில் வைக்கிறோம். குரலுக்குரிய உடல் ஒலிப்பதிவுக் கூடத்தோடு நின்றுவிடுகிறது. அதன் வியர்வை, தொப்பை, கண்ணடிப்பு, கைவீச்சு எதுவும் நம்மிடம் வந்து சேர்வதில்லை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் தனித்தனியே குரலை வளைத்துத் தந்த டி.எம். சௌந்தரராஜனின் முகத்தை, பாட்டுக் கேட்கும்போது எத்தனை பேர் நினைத்திருப்போம்? நகைச்சுவையோ உடலில்லாமல் பிழைக்காதது. புருவம் ஏற வேண்டும், தோள் குலுங்க வேண்டும், சொல்லிவிட்டு ஒரு கணம் சும்மா நிற்க வேண்டும். ஆகவே பாடகரிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ளாமல் விட்டுவந்த மிச்சத்தில்தான் அவருடைய நகைச்சுவை முழுவதும் தங்கிவிட்டது. 1994இல் வந்த ‘காதலன்’ படத்தில், பிரபுதேவாவின் அப்பாவாக, காவலர் வேடத்தில் வந்த பாலசுப்ரமணியம், அந்தக் கனத்த உடம்போடு மகனுக்கு ஈடாக ஆடிக் காட்டியபோது திரையரங்குகளில் எழுந்த ஆரவாரம் வெறும் நடனத்துக்கானது என்று நான் நினைக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் காதில் குடியிருந்த ஒருவர் காலும் கையுமாக எதிரே வந்து நின்றதைக் கொண்டாடிய ஆரவாரம் அது. அவர் ஆடிய ஆட்டத்தில் தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. எல்லோரும் தொப்பையைப் பார்த்தார்கள். தொப்பையும் தாளத்தில்தான் குலுங்கியது.

இந்த யோசனையோடு இருக்கும்போதுதான் வேறொரு பேச்சைக் கூர்ந்து கேட்க ஆரம்பித்தேன். பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி அவற்றின் ரசிகர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு. இரவுச் சாப்பாடு முடிந்து, மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தபின் அது எப்படியோ தொடங்கிவிடும். நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யை ஒருவர் எடுப்பார். இன்னொருவர் எஸ்.வி. சேகரின் தூர்தர்ஷன் காலத்துத் தொடருக்குத் தாவுவார். வயதில் இளையவர்கள் ‘லொள்ளு சபா’வில் வந்து நிற்பார்கள். "மாமா, அந்த மனோகர் நடந்து வர்றதே போதும், வசனமே வேண்டாம்" என்பான் ஒருவன். "இல்லடா, சுவாமிநாதன் குரலை யோசிச்சுப் பாரு" என்பார் மாமா. கதை என்ன, அந்தப் பகுதியில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. இருபது வருடம் கழித்தும் அழியாமல் இருப்பது, சொல்லப்பட்ட தொனி. எந்த எழுத்தில் இழுத்தார், எங்கே நிறுத்தினார், கேள்வியைக் கேள்விபோலக் கேட்காமல் எப்படித் தட்டையாக விட்டார் என்பதெல்லாம் சுத்தமாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லிக்காட்டும்போது ரசிகர் தன் குரலை விட்டு இறங்கி வேறொரு குரலுக்குள் ஏறுகிறார். சரியாக வரவில்லையென்றால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயல்கிறார். சுற்றியிருப்பவர்களும் திருத்துகிறார்கள்: "இன்னும் கொஞ்சம் மூக்குல." ஒரு சங்கதியைச் சரிசெய்யும் பாட்டு வகுப்பில் நடப்பதும் இதுதான். கிரேஸி மோகனின் நாடக வசனங்களில் ஒரு சிரிப்பு முடிவதற்குள் அடுத்தது போய்விடும். அதைத் தவறவிடாமல் பிடிக்க அந்த நாடகங்களின் பார்வையாளர்கள் சிரிப்பைக்கூட அடக்கிக்கொண்டு கேட்கப் பழகினார்கள். 2019இல் அவர் மறைந்தபோது ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட வசனங்களில் பாதி, பொருளுக்காக இல்லாமல் வேகத்துக்காகவே நினைவில் நின்றவை. நகைச்சுவையைக் கண்ணால் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைச் சேமித்து வைப்பதென்னவோ காது.

காது என்று வந்த பிறகு பாடகரின் குறும்பில் வியக்க ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கிறேன். பாலசுப்ரமணியத்தின் தந்தை எஸ்.பி. சாம்பமூர்த்தி நெல்லூர்ப் பக்கத்து ஹரிகதைக் கலைஞர். ஹரிகதை சொல்பவர் ஒற்றை ஆளாக நின்று பாட வேண்டும், கதை சொல்ல வேண்டும், அசுரனாகவும் தோழியாகவும் குரல் மாற வேண்டும். பக்தியில் கூட்டம் கனத்துப்போகும் இடத்தில் ஒரு கிளைக்கதையை எடுத்துவிட்டுச் சிரிக்க வைக்க வேண்டும், சிரிப்பு ஓயுமுன் தாளக்கட்டையைத் தட்டி மறுபடி பாட்டுக்குள் இழுத்துவர வேண்டும். அந்தக் கலையில் பாட்டும் சிரிப்பும் தனித்தனி அறைகளில் வசிக்கவில்லை. நம் பக்கத்திலும் அப்படித்தான் இருந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனிடமிருந்து பாட்டைக் கழித்துவிட்டால் நகைச்சுவை நொண்டும். ஜே.பி. சந்திரபாபு பாடியதில் கேலியும் தத்துவமும் வலியும் ஒரே மூச்சில் வந்தன; அவரை நகைச்சுவை நடிகர் என்று எழுதிவிட்டு, ‘நன்றாகப் பாடவும் செய்வார்’ என்று சேர்த்துக்கொண்டோம். நகைச்சுவை நடிகர் பாடினால் வியப்பு, பாடகர் சிரிக்க வைத்தால் வியப்பு. இந்த இரண்டு வியப்புகளும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள், அந்தச் சுவரை எழுப்பியது திரைத்தொழிலின் வேலைப் பிரிவினை. அறுபதுகளில் பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள். மெல்லிசைக் கச்சேரி என்பது பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழும் மேடை. ஒலிவாங்கி கரகரக்கும், கிதார் சுருதி சேராது, மின்சாரம் போகும். அந்த இடைவெளிகளில் கூட்டம் கலைந்துவிடாமல் வைத்திருப்பது பாடகரின் நாக்கு. பல குரல் கலைஞர்களுக்கு அத்தகைய மேடைகளில் தனி நேரமே ஒதுக்கப்பட்டதற்கும் இதுதான் காரணம். அவர் குறும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், கோயில் திருவிழாவில் முன்வரிசைக் குழந்தைகள் தூங்கிவிழும் நேரத்தில் மேடையில் நின்றிருந்த ஓர் இளைஞனை நினைத்துப் பார்க்கலாம்.

அவருடைய பின்னணிக் குரல் பணியை இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கே. பாலசந்தரின் ‘மன்மத லீலை’ தெலுங்குக்குப் போனபோது கமல்ஹாசனுக்காகப் பேசத் தொடங்கியவர், பிறகு கமலின் தெலுங்குக் குரலாகவே ஆனார். 2008இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தின் தெலுங்கு வடிவத்தில் கமல் ஏற்ற பத்து வேடங்களில் ஏழுக்கு அவர்தான் பேசினார், கிழவி வேடம் உட்பட. ஒருவர் இன்னொருவரின் உதட்டசைவுக்குள் தன் மூச்சை அளந்து ஊற்றுகிறார், அதுவும் ஏழு வெவ்வேறு வயதுகளில், உடல்வாகுகளில். கிழவியின் குரலில் தளர்ச்சி மட்டும் இருந்தால் போதாது. அவளுடைய பிடிவாதமும், பல்லில்லாத வாயில் காற்று கசியும் இடமும் வேண்டும். இதைச் செய்ய ஒருவர் தன் வாழ்நாளெல்லாம் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். அவர் இசையமைப்பாளர்களைப் போல நடித்துக்காட்டும் காட்சிகளை இப்போது மறுபடி பார்க்கிறேன். அங்கே நையாண்டி இருக்கிறது, ஆனால் அதற்கடியில் ஒரு மாணவனின் கவனம் இருக்கிறது. எதிரே ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து மெட்டைச் சொல்லித்தந்தவரின் தொண்டைச் செருமல், ‘இன்னொரு தரம்’ என்று சொல்லும் விதம், திருப்தியானால் வரும் தலையசைப்பு அனைத்தையும் ராகத்தோடு சேர்த்து அவர் உள்வாங்கியிருக்கிறார். மெட்டு அவருக்கு ஒரு மனிதரிடமிருந்து வந்தது, அந்த மனிதரையும் மெட்டோடு சேர்த்தே வைத்துக்கொண்டார். மேடையில் அதை நடித்துக்காட்டியபோது நமக்குக் கிடைத்தது நகைச்சுவை என்ற பெயரில் ஓர் இசைக் கூடத்தின் உயிருள்ள ஆவணம்.

இவ்வளவு தூரம் வந்ததும் ஒரு தயக்கம் குறுக்கே நிற்கிறது. காதுதான் நகைச்சுவைக்கு மூலம் என்றால், காதில் குறையே இல்லாத எத்தனையோ பெரும் பாடகர்கள் மேடையில் சிரிக்க வைக்கவில்லையே? வெள்ளுடையில், அசையாத முகத்தோடு நின்று பாடும் கே.ஜே. யேசுதாஸின் இறுக்கத்தை யார் குறைசொல்ல முடியும்? அந்த இறுக்கமே அவருடைய பாட்டுக்கு ஒரு சன்னதித் தன்மையைத் தருகிறது. எஸ். ஜானகியோ இரண்டு பக்கத்தையும் குழப்பிவிடுகிறவர். குழந்தைக் குரலிலும் கிழவிக் குரலிலும் அவர் பாடிய பாட்டுகளைக் கேட்டால் அறையெல்லாம் ஓடியாடும் ஓர் உருவம் தோன்றும். அவர் பாடுவதைப் பார்த்தால், சிலைபோல நிற்கிறார், முகத்தில் ஒரு கோடுகூட அசைவதில்லை. ஆட்டமெல்லாம் தொண்டைக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் காது எல்லோருக்கும் உண்டு, கேட்டதை வெளியே கொட்டுவதற்கு வேறேதோ தேவைப்படுகிறது. அது என்னவென்று யோசித்தால், கௌரவத்தை இறக்கிவைக்கும் துணிவு என்றுதான் தோன்றுகிறது. பாடகரின் கௌரவம் மூச்சில் இருக்கிறது. பாட்டு மூச்சைச் சேமித்து, நீட்டி, கடைசித் துளிவரை ஒழுங்காகச் செலவழிப்பது. சிரிப்பு அதே மூச்சைத் துண்டு துண்டாக உடைத்து எறிவது. சிரிப்பொலியைப் பதிவுசெய்து அளந்த அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ப்ரோவைன், ஒரு ‘ஹா’வுக்கும் அடுத்த ‘ஹா’வுக்கும் ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி என்று கண்டார், காற்றுத் தீரத் தீர ஒலி தணிந்துகொண்டே வரும். ஆக, சிரிப்புக்கும் ஒரு காலப்பிரமாணம் உண்டு. ஆனால் அதை ஆள்பவர் யாருமில்லை, அது நம்மை ஆள்கிறது. வாழ்நாள் முழுக்க மூச்சைக் கட்டி ஆண்ட ஒருவர், ஆயிரம் பேர் பார்க்க அதை அவிழ்த்துவிடுவது சின்ன விஷயம் இல்லை. கூடப் பாடியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்: ஒலிப்பதிவின்போது பாலசுப்ரமணியம் எதையாவது செய்து தங்களைச் சிரிக்க வைத்துவிடுவார் என்று. முழு வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் வாசித்த காலத்தில் ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த இறுக்கத்தில் ஒருவரைச் சிரிக்க வைப்பது விளையாட்டுபோலத் தெரிந்தாலும், அவருக்கு மூச்சைத் திருப்பிக் கொடுக்கிற உதவி அது. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்தில், அவள் மெட்டைத் தர அவன் சொற்களை இட்டு நிரப்பும் அந்த விளையாட்டுப் பாட்டை எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் இவரும் ஜானகியும் பாடியதைக் கேட்கும்போதெல்லாம், எதிராளி என்ன தருவாள் என்று காத்திருக்கும் அந்த ஆவலான அரை நொடி எனக்குப் பாட்டைவிடப் பெரிதாகப் படுகிறது. நல்ல நகைச்சுவைக்கும் அந்த அரை நொடிதான் உயிர். இன்று தனித்தனி நாளில், தனித்தனி ஊரில், காதொலிப்பானை மாட்டிக்கொண்டு இருவரும் பாடிப்போகும் ஜோடிப் பாட்டுகளில் சுருதி இன்னும் சுத்தமாக இருக்கிறது. காத்திருப்பு மட்டும் இல்லை.

தொலைக்காட்சியின் சிரிப்பைப் பற்றி இனித் தள்ளிப்போட முடியாது. அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் சிரிப்பொலிகளைப் பெட்டிக்குள் அடைத்து, விசையைத் தட்டினால் தேவையான அளவு சிரிப்பு வரும்படி ஒரு கருவி செய்தார். ஆளில்லாத அரங்கில் எடுத்த நகைச்சுவைத் தொடருக்கும் அதனால் கூட்டம் கிடைத்தது. நம் தொடர்களிலும் அந்தப் பெட்டிச் சிரிப்பு நெடுங்காலம் கேட்டது. பிறகு ‘கலக்கப் போவது யாரு’ நகைச்சுவைப் போட்டியின் காலத்தில் நடுவர்களின் முகங்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுவார், இன்னொருவர் மேசையைத் தட்டுவார். நாம் எப்போது சிரிக்க வேண்டுமென்று முகங்கள் சொல்லித்தந்தன. பாட்டுப் போட்டிகளுக்குள்ளும் இதே வழக்கம் நுழைந்து, ஒரு குழந்தை பாடி முடித்ததும் அதன் உச்சரிப்பையோ, அப்பாவின் சட்டையையோ, ஊரின் பெயரையோ வைத்து ஒரு சிரிப்பை எடுத்தால்தான் நிகழ்ச்சி நகரும் என்றானது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அது பிறக்கும் நான்கு இடங்களைக் காட்டுகிறது. நம் தொலைக்காட்சி அந்த நான்கில் எள்ளலை மட்டும் பிடித்துக்கொண்டது. பாலசுப்ரமணியம் 1996இலிருந்து ஈ.டி.வி.யில் நடத்திய ‘பாடுதா தீயகா’வையும், ஜெயா டி.வி.யில் நடத்திய ‘என்னோடு பாட்டுப் பாடுங்கள்’ நிகழ்ச்சியையும் இதற்கு எதிரில் வைத்துப் பார்க்கிறேன். பாடவந்த பிள்ளையின் கை ஒலிவாங்கியில் நடுங்கும். அவர் உச்சரிப்பைத் திருத்துவார், அதில் தயவே இருக்காது. ஆனால் திருத்தும் முன்போ பின்போ, அந்தப் பாட்டின் பதிவில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்வார், அதில் அடிவாங்குபவர் பெரும்பாலும் அவரே. பிள்ளை சிரித்துவிடும். சிரித்ததும் தோள் இறங்கும், தோள் இறங்கினால் சுருதி சேரும். அவருடைய நகைச்சுவைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. அது பார்க்கிறவர்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட சிரிப்பு இல்லை, பாடுகிற பிள்ளையின் விலாவுக்காகச் சொல்லப்பட்டது. நாம் ஓரமாக நின்று அதைக் கேட்டோம், அவ்வளவுதான். எள்ளலை அவர் தன்மேல் திருப்பிக்கொண்டார், எதிரே இருந்தவருக்கு இளமையை விட்டுக்கொடுத்தார்.

ஆண் பாடகருக்கு இப்படி இறங்கிவரும் வசதி இருந்தது என்பதையும் மறைக்க எனக்கு மனமில்லை. பெண் பாடகர்கள் பல பத்தாண்டுகள் மேடையில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பாட்டு நோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். எல்.ஆர். ஈஸ்வரி போல மேடையை உடலால் நிறைத்த ஒருசிலரைத் தவிர, அவர்களிடம் ஊர் எதிர்பார்த்தது அடக்கம். ஜானகியின் அசையாத முகத்தை நான் கலையின் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி பாலசுப்ரமணியம் செய்த சேட்டைகளில் பாதியைச் செய்திருந்தால் ஊர் ரசித்திருக்குமா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. இன்றைய நிலை வேறு, அதன் சிக்கலும் வேறு. 2019இல் ‘சூப்பர் சிங்கர்’ ஏழாம் பருவத்தில் பாடிய சிவாங்கி, அதே ஆண்டின் இறுதியில் ‘குக்கு வித் கோமாளி’ சமையல் நிகழ்ச்சியில் கோமாளியாக வந்தார். பெற்றோர் இருவருமே சாஸ்திரிய சங்கீதக்காரர்கள். தாயார் பின்னி கிருஷ்ணகுமார் ‘சந்திரமுகி’யின் அந்தப் புகழ்பெற்ற தெலுங்குப் பாட்டைப் பாடியவர். மகள் பேசும்போது கீச்சென்று மேலே பறக்கும் குரல், பாடும்போது கீழே இறங்கிக் கனம் பெறுவதைக் கண்டு வீட்டுக்கு வீடு வியந்தார்கள். இரண்டும் ஒரே தொண்டையா என்ற கேள்வியே அவரைப் பற்றிய முதல் பேச்சானது. அவருடைய நகைச்சுவையை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். எதிராளி சொல்வதை ஒரு கணம் தாமதித்து வாங்குவதில், தப்பான இடத்தில் சரியான சுரத்தில் கத்துவதில் பயிற்சி பெற்ற ஒரு காது தெரிகிறது. ஆனால் கூட்டம் அவரைக் குழந்தை என்றே அழைத்தது. ஆண் பாடகர் சிரிக்க வைத்தால் மேதையின் எளிமை என்கிறோம், பெண் பாடகர் சிரிக்க வைத்தால் விவரமில்லாத பிள்ளை என்று கொஞ்சுகிறோம். தொல்காப்பியத்தின் பட்டியலில் அவருக்கு நாம் பேதைமையை ஒதுக்கியிருக்கிறோம், அது அவருடைய கலைத்திறன் என்று ஒப்புக்கொள்ளாமல். கொஞ்சலில் அன்பு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அன்போடு சேர்ந்து ஒரு மதிப்புக்குறைவும் வந்துவிடுகிறது. போகப் போக வியப்பும் திசை மாறியது. முதலில் ‘பாடுகிற பெண்ணுக்கு இவ்வளவு வேடிக்கையா’ என்றவர்கள், சில ஆண்டுகளில் ‘இந்த வேடிக்கைப் பெண் இப்படியும் பாடுமா’ என்று கேட்டார்கள். இடையில் ஒரு பாட்டு வாழ்க்கை எந்தப் பக்கம் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, வியப்பு வெறும் வியப்பாக நின்றுவிடுவதில்லை. அது ஒருவருடைய கலையை இரண்டாகப் பிளந்து, ஒன்றை வேலை என்றும் மற்றொன்றைக் குணம் என்றும் பெயரிட்டுவிடுகிறது. பாலசுப்ரமணியம் விஷயத்தில் இது நடந்து முடிந்துவிட்டது என்று அஞ்சுகிறேன். 2020 ஆகஸ்டில் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த அன்று, தனக்கு லேசான தொந்தரவுதான், நலம் விசாரித்து யாரும் அழைக்க வேண்டாம் என்று முகம் மலரச் சொன்ன அவருடைய காணொளியைப் பார்த்துப் பலரும் நிம்மதியடைந்தோம். செப்டம்பர் 25 அன்று அவர் போனபிறகு பத்திரிகைகள் அவர் பாடிய மொழிகளையும், வாங்கிய விருதுகளையும், ஒரே நாளில் பதிவுசெய்த பாட்டுகளையும் எண்ணின. மக்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டதோ, பாட்டுகளுக்குச் சமமாக, அவர் சிரித்த, சிரிக்க வைத்த காட்சிகள். துக்க வீட்டில் போனவருடைய குறும்பைச் சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம், அப்படிச் சிரிக்கும்போதுதான் இழப்பு உறைக்கும். ஆனால் எழுத்தில் ஏறியது எண்ணிக்கை, வாய்மொழியில் தங்கியது குறும்பு. வாய்மொழிக்கு ஆயுள் குறைவு. அவரோடு ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்த வயலின்காரர்கள், தபலாக்காரர்கள், ஒலிப் பொறியாளர்கள் முதுமையில் இருக்கிறார்கள். எந்தப் பதிவில் யார் சிரித்து மறுபடி எடுக்க நேர்ந்தது, பதற்றத்தில் இருந்த எந்தப் புதுப் பாடகியிடம் அவர் என்ன சொல்லி மூச்சைச் சீராக்கினார், எந்த இசையமைப்பாளரின் எந்தச் செருமலை அவர் கற்றுவைத்திருந்தார் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. இவை ஓய்வுநேரச் சுவாரசியங்கள் என்று ஒதுக்கப்பட்டுவருகின்றன. என் எண்ணத்தில் இவையே இசை வரலாற்றின் சதை. ஒரு பாடகர் எந்தச் சுரத்தை எப்படித் தொட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், பக்கத்தில் நின்றவரை அவர் எப்படிக் கேட்டார் என்றும் எழுத வேண்டும். அவருடைய நகைச்சுவை அதற்கான நேரடிச் சாட்சியம். அந்தக் கூடங்களில் இருந்தவர்களைத் தேடிப்போய், அவர்கள் சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிந்துவைக்கும் வேலையை இசையை நேசிக்கிற யாரும் நாளைக்கே தொடங்கலாம். அப்போதுதான் அடுத்த தலைமுறைக்கு அவர் பாடியதும் சிரித்ததும் ஒரே கலையாகப் போய்ச் சேரும்.